செக் திரும்பினால், கடையைப் பூட்டினால், பங்காளி விலகினால்: வடசென்னை வியாபாரிகளின் சட்டக் கேள்விகள்

எம்சிரோடு_தையல்:

வணக்கம். வண்ணாரப்பேட்டை சுற்றுவட்டாரத் தையல் யூனிட்டுகள் எல்லாவற்றுக்கும் வருகிற பிரச்சினையை ஓர் உதாரணக் கணக்காக வைக்கிறேன். பதிலும் தேதி, தொகையோடு வந்தால் எல்லாருக்கும் பயன்படும்.

5 லட்ச ரூபாய்க்கு நைட்டி, சுடிதார் தைத்துக் கோடவுன் தெரு மொத்தக் கடை ஒன்றுக்குச் சரக்கு போகிறது. பில் இருக்கிறது, எழுத்து ஒப்பந்தம் இல்லை. பின்தேதி போட்ட செக் வருகிறது. வங்கியில் போட்டால் பணமில்லை என்று திரும்புகிறது. பார்ட்டி 1.5 லட்சத்தை யுபிஐயில் அனுப்பிவிட்டு, "அடுத்த வாரம் மறுபடி போடுங்க" என்கிறார். ரெண்டு மாதம் கழித்து, "தையலே சரியில்லை, மீதி தரமுடியாது" என்கிறார். முதலில் எங்கே போவது? ஸ்டேஷனா, செக் கேஸா, சிறுதொழில் கவுன்சிலா?

பாரிமுனை_வக்கீல்:

மூன்றுக்கும் தனித்தனிக் கெடு இருக்கிறது. செக்குக்குத்தான் கெடு மிகக் குறுகியது, அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆவது பிரிவு. செக்கில் எழுதிய தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட்டிருக்க வேண்டும். திரும்பியதாக வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்து நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாள் அவருக்கு அவகாசம். அதற்குள் கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்ய வேண்டும்.

தேதி போட்டுப் பார்ப்போம். ரிட்டன் மெமோ, அதாவது செக் திரும்பியதற்கான வங்கிச் சீட்டு, மார்ச் 6 அன்று கைக்கு வருகிறது. நோட்டீஸ் ஏப்ரல் 5-க்குள் தபாலில் ஏறியிருக்க வேண்டும். ஏப்ரல் 10 அன்று அவர் வாங்குகிறார் என்றால் ஏப்ரல் 25 வரை அவர் கட்டலாம். மே 25-ஐத் தாண்டாமல் புகார் உள்ளே போய்விட வேண்டும். புகார் தாமதமானால் தக்க காரணம் காட்டி மன்னிப்பு மனு போடலாம். நோட்டீசுக்கான 30 நாள் தப்பினால் அப்படி எந்த வழியும் சட்டத்தில் கிடையாது.

வங்கி மெமோவை வாங்கும்போதே அதன் மேல் வாங்கிய தேதியை எழுதி வையுங்கள். எஸ்எம்எஸ் ஒரு நாள் வருகிறது, மெமோ நான்கு நாள் கழித்து வருகிறது. எதிலிருந்து எண்ணுவது என்ற சண்டையே வேண்டாம், முந்தைய தேதியிலிருந்து எண்ணிவிடுங்கள்.

கொத்தவால்சாவடி_மண்டி:

சார், இவ்வளவு சுற்றுவானேன்? ஏமாற்றிவிட்டார் என்று ஸ்டேஷனில் ஒரு மனு கொடுத்தால் ரெண்டே நாளில் ஆள் ஓடி வருவார். மார்க்கெட்டில் எல்லாரும் செய்வது அதுதான்.

பாரிமுனை_வக்கீல்:

அண்ணே, அதில் ரெண்டு சிக்கல். ஏமாற்றுக் குற்றம் நிற்க வேண்டுமானால் சரக்கு வாங்கும்போதே கொடுக்கும் எண்ணம் அவருக்கு இல்லை என்று காட்ட வேண்டும். ஏற்கெனவே பத்து பில்லுக்குப் பணம் கொடுத்தவர், பதினோராவது பில்லுக்குக் கொடுக்கவில்லை என்றால் அது கொடுக்கல் வாங்கல் தகராறு. சிவில் பாக்கியை வசூலிக்க கிரிமினல் வழக்கைப் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது.

இரண்டாவது சிக்கல்தான் ஆளைக் கவிழ்ப்பது. ஸ்டேஷனில் கூப்பிட்டுப் பேசுவார்கள், "பதினைந்து நாளில் தருகிறேன்" என்று எழுதிக் கொடுப்பார், திரும்ப ஒரு தவணை கேட்பார். இந்தப் பேச்சுவார்த்தைக்கெல்லாம் சேர்த்து 30 நாள் ஓடிவிடும். பேசுங்கள், தப்பில்லை. நோட்டீசை அனுப்பிவிட்டுப் பேசுங்கள்.

ராயபுரம்_கணக்கு:

கேள்வியில் இருக்கும் 1.5 லட்சத்தை யாரும் தொடவில்லை. இந்த வழக்கு தோற்கப்போவது அங்கேதான்.

5 லட்சம் செக், 1.5 லட்சம் வந்துவிட்டது, பாக்கி 3.5 லட்சம். அதே 5 லட்சம் செக்கை மறுபடி வங்கியில் போட்டால், அன்றைக்கு அவர் தரவேண்டிய கடன் 5 லட்சம் இல்லை. இப்படிப் பகுதிப் பணம் வாங்கிய பிறகு முழுத் தொகைக்குப் போட்ட செக் திரும்பினால் 138 பொருந்தாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ரெண்டு வழி உண்டு. பழைய செக்கைத் திருப்பிக் கொடுத்து 3.5 லட்சத்துக்குப் புதுச் செக் வாங்குவது. அல்லது 56-ஆவது பிரிவின்படி செக்கிலேயே இவ்வளவு வரவானது என்று குறிப்பெழுதி மீதிக்கு மட்டும் போடுவது. இரண்டாவதை வங்கி கவுன்டரில் ஏற்க வைப்பது பெரும்பாடு, அதனால் புதுச் செக்தான் நடைமுறை.

யுபிஐயில் பணம் வந்தவுடன் "எந்த பில்லுக்கு வரவு வைக்க?" என்று ஒரு மெசேஜ் போட்டுப் பதில் வாங்குங்கள். வேறு பழைய பில்லுக்கான பணம் அது என்றால் செக் தொகை அப்படியே நிற்கும். லெட்ஜரிலும் அதே பில் எண்ணில் வரவு இருக்க வேண்டும்.

பாரிமுனை_வக்கீல்:

ராயபுரம் சார் சொன்னதுதான் சரி, நான் அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

தொகை விஷயத்தில் இன்னொன்றும் சேர்க்கிறேன். நோட்டீசில் செக் தொகையை அச்சுப்பிழை இல்லாமல் அப்படியே கேட்க வேண்டும். செக்கில் ஒரு தொகை, நோட்டீசில் வேறு தொகை என்றால் நோட்டீசே செல்லாது, டைப்பிங் தப்பு என்று சமாளிக்க முடியாது என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வட்டியும் நோட்டீஸ் செலவும் கேட்கலாம். செக் தொகை இவ்வளவு, வட்டி இவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாக எழுதினால் எதிர்த்தரப்புக்கு வேலை மிச்சம்.

நோட்டீஸ் போகும் முகவரி: பில்லில் இருப்பது, ஜிஎஸ்டி பதிவில் இருப்பது, வீட்டு முகவரி தெரிந்தால் அதுவும். 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டதால் டெலிவரி அத்தாட்சியோடு விரைவுத் தபாலில் அனுப்பி, டிராக்கிங் பக்கத்தை அந்த வாரமே பிரிண்ட் எடுத்து வையுங்கள். பிறகு தேடினால் அது கிடைக்காது. வாங்க மறுத்தாலும், "கதவு பூட்டியிருந்தது" என்று திரும்பினாலும், முகவரி சரியாக இருந்தால் சேர்ந்ததாகவே கோர்ட் கொள்ளும்.

யாரை எதிரியாகப் போடுவது என்பதிலும் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். கம்பெனி செக் என்றால் கம்பெனியையே முதல் எதிரியாகச் சேர்க்க வேண்டும். கையெழுத்துப் போட்ட டைரக்டரை மட்டும் போட்டால் வழக்கு விழும், 2012 தீர்ப்பு. கூட்டு நிறுவனம் என்றால் பங்குதாரர்களை மட்டும் போட்டாலும் வழக்கு நிற்கும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தனி உரிமையாளர் கடை என்றால் கடைப் பெயரைச் சொல்லி உரிமையாளர் பெயரைப் போட்டால் போதும்.

மூலக்கடை_ஹார்டுவேர்:

பார்ட்டி ஈரோட்டில் இருந்தால் அங்கே போய்த்தான் வழக்குப் போட வேண்டுமா? நிறுத்திவை என்று வங்கிக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் 138 வருமா?

பாரிமுனை_வக்கீல்:

2015 திருத்தத்துக்குப் பிறகு, செக்கை உங்கள் கணக்கில் போட்டிருந்தால் உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளைக்கு உட்பட்ட கோர்ட். கணக்கு ராயபுரம் கிளையில் என்றால் ஈரோட்டுக்காரர் சென்னைக்குத்தான் வர வேண்டும். செக்கை எந்தக் கிளைப் பெட்டியில் போட்டீர்கள் என்பது கணக்கில்லை.

நிறுத்திவைத்தாலும், கணக்கை மூடினாலும், வேண்டுமென்றே கையெழுத்தை மாற்றிப் போட்டாலும் 138 வரும். கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுச் செக் என்ற வாதமும் பெரும்பாலும் எடுபடாது. கையெழுத்து அவருடையது என்றால் கடன் இருந்ததாகவே கோர்ட் தொடங்கும், இல்லையென்று காட்டுவது அவர் பொறுப்பு. தண்டனை 2 வருடம் வரை, அல்லது செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். அவர் குற்றத்தை மறுத்த பிறகு 143ஏ-வின் கீழ் 20 சதவீதம் வரை இடைக்காலத் தொகை கேட்டு மனுப் போடலாம். தருவதும் மறுப்பதும் நீதிபதி முடிவு.

கெடு தப்பிவிட்டதா? செக்கின் 3 மாதம் இன்னும் முடியவில்லை என்றால் மறுபடி வங்கியில் போட்டுப் புதிதாக நோட்டீஸ் அனுப்பலாம். நம் எம்எஸ்ஆர் லெதர்ஸ் வழக்கில் 2012-இல் வந்த தீர்ப்பு இது. 3 மாதமும் போய்விட்டால் சிவில் வழக்குதான். அதற்கு 3 வருடம் இருக்கிறது. 3 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வணிக நீதிமன்றம். அவசர இடைக்கால உத்தரவு கேட்காத வழக்குகளில், முதலில் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகச் சமரசத்துக்குப் போய், அது முடியாமல் போன அறிக்கையோடுதான் தாக்கல் செய்ய முடியும். இதைச் செய்யாமல் போட்ட வழக்கை வாசலிலேயே நிராகரிப்பார்கள். தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் 3 சதவீதம், 3.5 லட்சத்துக்கு 10,500 ரூபாய்.

தண்டையார்பேட்டை_ஆடிட்டர்:

"தையல் சரியில்லை" என்ற பேச்சுக்கு வருகிறேன். சிறுதொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006 இதற்கு நேரான பதில் வைத்திருக்கிறது. சரக்கு டெலிவரியான 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால், டெலிவரி நாளிலேயே ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். ரெண்டு மாதம் கழித்து போனில் சொன்னது ஆட்சேபமே இல்லை. அதனால் டெலிவரி சலானில் தேதி, கடை சீல், வாங்கியவர் பெயர், கையெழுத்து நான்கும் வேண்டும். சரக்கை வண்டியில் ஏற்றிவிட்டுச் சலானை அடுத்த மாதம் வாங்கும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள்.

எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில் பணம் வர வேண்டும். இருந்தால் ஒப்புக்கொண்ட நாள், ஆனால் அது 45-ஐத் தாண்டக் கூடாது. பில்லில் 90 நாள் என்று அச்சடித்திருந்தாலும் சட்டத்தின் முன் 45-தான். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 5.5 என்றால் 16.5 சதவீதம்.

தாமதப் பணப் புகாருக்கான அரசு இணையதளத்தில் உத்யம் எண்ணோடு (சிறுதொழில் பதிவு எண்) விண்ணப்பம், பில், சலான், ஆர்டர் நகல், வட்டிக் கணக்கு ஏற்ற வேண்டும். சென்னைக்கான வசதியாக்கக் குழு (நீங்கள் கேட்ட சிறுதொழில் கவுன்சில்) முதலில் சமரசம் பேசும், முடியாவிட்டால் நடுவர் தீர்ப்புக்குப் போகும். தீர்ப்பு உங்களுக்கு வந்து, அதை ரத்து செய்ய பார்ட்டி கோர்ட்டுக்குப் போனால் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் வாதாட முடியும். 3.5 லட்சம் பாக்கிக்காரருக்கு இந்த 75 சதவீதம்தான் பெரிய பயம், செக் கேஸைவிட.

வருமான வரிச் சட்டத்தின் செலவு விதி (1961 சட்டத்தில் 43பி(எச்)) பற்றியும் நோட்டீசில் ஒரு வரி சேருங்கள். குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதத்தில் அவருடைய ஆடிட்டரே உங்களுக்காகப் பேசுவார்.

கொத்தவால்சாவடி_மண்டி:

அப்போ மிளகாய், பருப்பு மொத்த வியாபாரத்துக்கும் இது வருமா? உத்யம் சர்ட்டிபிகேட் இருக்கிறது.

தண்டையார்பேட்டை_ஆடிட்டர்:

வராது அண்ணே. வாங்கி விற்பவர்களுக்கு 2021-இல் உத்யம் பதிவைத் திறந்துவிட்டது வங்கிக் கடனில் முன்னுரிமைக்காக மட்டும். தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு உற்பத்தி செய்பவருக்கும் சேவை தருபவருக்கும்தான், அதிலும் குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டும். நடுத்தர நிறுவனம் சப்ளையராக இதைக் கேட்க முடியாது. மிளகாயை வாங்கி அரைத்துப் பாக்கெட் போட்டு விற்றால் அது உற்பத்தி, கதை மாறும். பதிவில் எந்தத் தொழில் குறியீடு போட்டிருக்கிறீர்கள் என்று இன்றே எடுத்துப் பாருங்கள். பதிவுத் தேதி சரக்கு போன தேதிக்கு முன்னதாக இருப்பதும் முக்கியம். தகராறு வந்த பிறகு பதிவு செய்து பழைய பில்லுக்குக் கேட்பது சிக்கலில்தான் முடியும்.

பெரம்பூர்_வாசகி:

வாட்ஸ்அப்பில் ஆர்டர், "பணம் அடுத்த வாரம்" என்ற பதில், எல்லாம் போனில்தான் இருக்கிறது. அது செல்லுமா?

பாரிமுனை_வக்கீல்:

செல்லும் அக்கா, ஆனால் ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் மட்டும் போதாது. பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் சேர வேண்டும். அதில் ரெண்டு பாகம்: ஒன்று போன் வைத்திருப்பவர் கையெழுத்திடுவது, மற்றது நிபுணர் கையெழுத்திடுவது, கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) அதில் வரும். சாட்டை எக்ஸ்போர்ட் செய்து பத்திரப்படுத்துங்கள். போனை மாற்றும்போது பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். "பாக்கி 3.5 லட்சம் தருகிறேன்" என்று 3 வருடத்துக்குள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அந்த நாளிலிருந்து புது 3 வருடம் தொடங்கும். மார்ச் 31-க்கு வருடாவருடம் பாக்கிச் சான்று வாங்குவதன் அருமை அப்போது தெரியும்.

தங்கசாலை_பாத்திரம்:

கடை வாடகைக்கும் இந்த இழையிலேயே பதில் சொல்லுங்கள். இருபது வருடமாக வாய்ப்பேச்சில் வாடகை, ரசீதும் கிடையாது. தங்கசாலையிலும் சௌகார்பேட்டையிலும் பாதிக் கடைகள் இப்படித்தான். வீட்டுக்காரர் பிள்ளைகள் வந்து காலி செய்யச் சொல்கிறார்கள்.

பாரிமுனை_வக்கீல்:

1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017 சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில். எழுத்து ஒப்பந்தமும், வாடகை அதிகார அமைப்பில் பதிவும், வாடகைப் பதிவு எண்ணும் வேண்டும். ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாததே காலி செய்யக் கேட்பதற்கு ஒரு காரணமாகச் சட்டத்தில் இருக்கிறது. அதனால் வாடகைதாரர்தான் முதலில் அசைய வேண்டும்: ஒப்பந்தம் எழுதத் தயார் என்று வரைவையும் இணைத்து உரிமையாளருக்குத் தபால் அனுப்பி, அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகையை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாக மட்டும். வாங்க மறுத்தால் மணியார்டர், அதையும் மறுத்தால் வாடகை அதிகார அமைப்பிடம் கட்டலாம். ரெண்டு மாத பாக்கி விழுந்தால் அதுவே உங்களுக்கு எதிரான அடுத்த காரணம். சென்னையில் காலி செய்யும் வழக்கு சிறு வழக்கு நீதிமன்ற வளாகத்தில் உள்ள வாடகை நீதிமன்றத்தில் நடக்கும்.

ராத்திரியில் பூட்டை மாற்றிவிட்டால் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 6-ஆவது பிரிவில் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பக் கேட்கலாம். அதில் யார் உரிமையாளர் என்ற கேள்வியே வராது, கடையை வைத்திருந்தவர் யார் என்பது மட்டும். அன்றைக்கு வரை கடை நடந்ததற்கு மின் கட்டண ரசீது, மாநகராட்சி தொழில் உரிமம், ஜிஎஸ்டி கூடுதல் இடப் பதிவு ஆகியவை பேசும். தொழில் உரிமம் மார்ச் 31-உடன் முடிகிறது, புதுப்பிக்காமல் விட்டால் இந்த ஆதாரத்தில் ஓட்டை விழும்.

தங்கசாலை_பாத்திரம்:

கோயில் கடை என்றால்?

பாரிமுனை_வக்கீல்:

பாதை முழுக்க வேறு. அறநிலையச் சட்டம் 1959. 5 வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையர் அனுமதி இல்லையென்றால் அது செல்லாது. முந்தைய வாடகைதாரருக்கு லட்சக்கணக்கில் குட்வில் கொடுத்து உள்ளே வருகிறார்கள், கோயில் ரசீது பழையவர் பெயரிலேயே ஓடுகிறது. கோயிலைப் பொறுத்தவரை வந்தவர் ஆக்கிரமிப்பாளர், 78-ஆவது பிரிவில் இணை ஆணையர் நடவடிக்கை எடுக்கலாம். பெயர் மாற்ற உத்தரவு கையில் வராமல் குட்வில் பணத்தை நகர்த்தாதீர்கள். மனை கோயிலுடையது, கட்டடம் நம்முடையது என்பவர்கள் 1921 குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தை நம்புகிறார்கள். 1996 திருத்தத்துக்குப் பிறகு மத நிறுவன மனைகளுக்கு அது கிடையாது.

மூலக்கடை_ஹார்டுவேர்:

பங்காளி விலகும்போது என்ன செய்ய வேண்டும்?

ராயபுரம்_கணக்கு:

முதலில் நிறுவனம் பதிவானதா என்று பாருங்கள். கூட்டாண்மைச் சட்டம் 69-ஆவது பிரிவின்படி, பதிவாகாத நிறுவனம் ஒப்பந்தப் பாக்கிக்காக வெளியாளின் மேல் சிவில் வழக்குப் போட முடியாது. வழக்குப் போட்ட பிறகு பதிவு செய்தாலும் அந்த வழக்கு உயிர் பெறாது. பத்திரம் நோட்டரியில் எழுதியது என்பது பதிவு ஆகாது, நிறுவனப் பதிவாளரிடம் பதிவாகியிருக்க வேண்டும்.

விலகும்போது பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் உங்களுக்குள் செல்லும், ஊருக்குச் செல்லாது. நிறுவனப் பதிவாளரிடம் மாற்ற அறிவிப்பு, அரசிதழ், வட்டார மொழி நாளிதழ் ஒன்று, இந்த மூன்றிலும் பொது அறிவிப்பு வரும் வரை விலகியவரும் கடனுக்குப் பொறுப்பு. அடுத்து ஜிஎஸ்டி பதிவில் பங்குதாரர் திருத்தம், வங்கியில் கையெழுத்து அதிகாரம் ரத்து, வங்கிக் கடனுக்குப் போட்ட தனிப்பட்ட ஜாமீனிலிருந்து விடுவிப்புக் கடிதம். கடைசியதை எல்லாரும் மறக்கிறார்கள். பொது அறிவிப்பு கொடுத்தாலும் ஜாமீன் தானாக நீங்காது. அவர் கையெழுத்திட்ட மீதிச் செக்குகளை எண்ணி வாங்கி, எண்களைக் கணக்குத் தீர்வுப் பத்திரத்திலேயே எழுதுங்கள்.

பெரம்பூர்_வாசகி:

ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்ததே தெரியவில்லை, நேராகக் கணக்கு முடக்கம் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள்.

தண்டையார்பேட்டை_ஆடிட்டர்:

தளத்தில் நோட்டீசுகளுக்கு ரெண்டு இடம் இருக்கிறது. வழக்கமான நோட்டீஸ் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது, கூடுதல் நோட்டீஸ், உத்தரவு என்ற தனிப் பக்கத்தில்தான் டிஆர்சி-01 (வரி கேட்டு வரும் நோட்டீஸ்) பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும். திங்கள்தோறும் ரெண்டையும் பாருங்கள். பதிவில் கொடுத்த போன் எண், மின்னஞ்சல் பழைய கணக்கருடையதாக இருந்தால் உடனே மாற்றுங்கள்.

உத்தரவு வந்துவிட்டால் மேல்முறையீட்டுக்கு 3 மாதம், காரணம் காட்டினால் இன்னும் 1 மாதம், அதற்கு மேல் அந்த அதிகாரியால் ஏற்க முடியாது. தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம் முன்கூட்டியே கட்ட வேண்டும்.

இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்துக்கு மேல், வெளிமாநிலத்துக்கு 50,000-க்கு மேல் கட்டாயம். பாரிமுனையிலிருந்து மாதவரம் லாரி ஷெட் வரை, மாநிலத்துக்குள் 50 கிலோமீட்டருக்குள் டிரான்ஸ்போர்ட்டரிடம் சேர்க்கும் பயணத்துக்கு வண்டி எண் நிரப்பும் பகுதி பி தேவையில்லை. ஷெட்டிலிருந்து லாரி கிளம்பும்போது தேவை. அதை நிரப்பாமல் செங்குன்றம் தாண்டி வண்டி பிடிபட்டால், சரக்குக்காரர் முன்வந்தாலும் வரியின் இரு மடங்கு அபராதம். பிடித்த 7 நாளில் நோட்டீஸ், நோட்டீஸ் கொடுத்த 7 நாளில் உத்தரவு வர வேண்டும். டிரைவரிடம் வெள்ளைத் தாளில் வாக்குமூலம் வாங்கினால் அதன் நகலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

எம்சிரோடு_தையல்:

எல்லாருக்கும் நன்றி. உதாரணக் கணக்குக்கு வரிசை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: 5 லட்சம் செக்கை மறுபடி போடாமல் 3.5 லட்சத்துக்குப் புதுச் செக் கேட்பது, சலானும் உத்யம் தேதியும் சரியாக இருந்தால் சிறுதொழில் கவுன்சிலில் விண்ணப்பம். புதுச் செக் கொடுக்க மறுத்தால்?

பாரிமுனை_வக்கீல்:

கவுன்சில் விண்ணப்பத்தை அன்றைக்கே ஏற்றிவிடுங்கள். புதுச் செக் தந்து அதுவும் திரும்பினால், மெமோ வந்த நாளிலிருந்து மறுபடி 30 நாள் எண்ணுங்கள். கவுன்சிலில் நடவடிக்கை நடந்துகொண்டிருப்பது அந்த 30 நாளை நிறுத்தாது.